கப்பலில் ஹைட்ரஜன்: திரவமா, அமோனியாவா, டொலுயீனா?

ஜப்பானுக்குத் தேவையான ஹைட்ரஜனில் பெரும்பகுதி கடல்வழியாகத்தான் வந்தாக வேண்டும். அதற்கு மூன்று வழிகளை அந்த நாடு கப்பலேற்றியே சோதித்திருக்கிறது. மூன்றிலும் ஆற்றல் வீணாகிறது; எந்தக் கரையில் வீணாகிறது என்பதுதான் கணக்கு.

திரவ ஹைட்ரஜனில் ஏற்றும் கரையிலேயே பெரும் இழப்பு. மைனஸ் 253 டிகிரிக்குக் கொண்டுபோக, இன்றைய ஆலைகளில் கிலோவுக்கு 10 முதல் 13 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவில் இருக்கும் ஆற்றலே 33தான். இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண வெப்பநிலையில் ஹைட்ரஜன் மூலக்கூறுகளில் முக்கால் பங்கு ஆர்த்தோ வகை (இரு அணுக்கருக்களின் சுழற்சியும் ஒரே திசையில்). கடுங்குளிரில் அவை மெல்லப் பாரா வகையாக (சுழற்சி எதிரெதிர்த் திசையில்) மாறும்போது கிலோவுக்குச் சுமார் 530 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். திரவத்தை ஆவியாக்க 450 போதும்! அதனால் குளிர்விக்கும்போதே இரும்பு ஆக்சைடு வினையூக்கி வழியே செலுத்தி மாற்றிவிட வேண்டும். விட்டால், எவ்வளவு நல்ல வெப்பக்காப்பு இருந்தாலும் சரக்கு தொட்டிக்குள்ளேயே கொதித்து ஆவியாகும்.

2022இல் ஆஸ்திரேலியாவின் ஹேஸ்டிங்ஸிலிருந்து ஜப்பானின் கோபே சென்ற திரவ ஹைட்ரஜன் கப்பல் சுய்சோ ஃபிரான்டியரின் தொட்டி 1,250 கன மீட்டர். முழுக்க நிரப்பினாலும் 90 டன்னைத் தொடாது. ஹேஸ்டிங்ஸில் நின்றபோதே, ஆவியாகும் வாயுவை எரிக்கும் அலகின் போக்கியில் தீச்சுடர் எழுந்தது. 24 வோல்ட் டிசி சோலனாய்டு வால்வுக்கு (மின்காந்தத்தால் இயங்கும் வால்வு) 230 வோல்ட் ஏசி இணைப்பு கொடுக்கப்பட்டிருந்தது. அது பழுதானதில் காற்று வரும் மடல் மூடிக்கொண்டது.

அமோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே திரவமாகும். ஒரு கன மீட்டரில் 120 கிலோ ஹைட்ரஜன் அடங்கும். திரவ ஹைட்ரஜனிலோ 71 கிலோதான். உர வணிகத்தால் கப்பலும் துறைமுகமும் ஏற்கெனவே இருக்கின்றன. காற்றில் 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) கலந்தாலே உயிருக்கு ஆபத்து என்பதால், குடியிருப்பை ஒட்டிய முனையத்துக்கு இது ஆகாது. இறக்கிய பிறகு அமோனியாவைப் பிளந்து ஹைட்ரஜனைப் பிரிக்க வேண்டுமென்றால், கிடைக்கும் ஹைட்ரஜனின் ஆற்றலில் குறைந்தது 13 சதவீதம் வெப்பமாகச் செலவாகும். நடைமுறையில் இன்னும் கூடும். வாகன எரிபொருள் மின்கலத்துக்கென்றால், மிஞ்சும் அமோனியாவை 0.1 பிபிஎம்முக்குக் குறைக்கும் சுத்திகரிப்பும் தேவை. ஆகவே பிளக்காமல் அப்படியே பயன்படுத்தும் வாடிக்கையாளர் இருந்தால் மட்டுமே எங்கள் தேர்வு அமோனியா. 2024இல் ஜப்பானின் ஹெகினான் அனல்மின் நிலையத்தில் நிலக்கரியில் 20 சதவீதத்துக்கு மாற்றாக அதை நேரடியாகவே எரித்தார்கள்.

டொலுயீன் என்ற கரிமத் திரவத்துடன் ஹைட்ரஜனை வினைபுரிய வைத்து ஏற்றினால் கிடைப்பது மெத்தில்சைக்ளோஹெக்சேன்: சாதாரண வெப்பநிலையில் திரவம், வழக்கமான கெமிக்கல் டேங்கர் போதும். 2020இல் புருனேயிலிருந்து கவாசாகிக்கு இப்படித்தான் வந்தது. ஆனால் 100 டன் சரக்கில் ஹைட்ரஜன் 6 டன்தான். மீதி 94 டன் டொலுயீனைத் திருப்பி அனுப்ப வேண்டும். பிரித்தெடுக்க 350 டிகிரிக்கு மேல் சூடும், ஹைட்ரஜன் ஆற்றலில் 28 சதவீதமும் வேண்டும். பக்கத்திலேயே எரிவாயு டர்பைனின் கழிவுச்சூடு கிடைக்கும் இடத்தில்தான் இதைப் பரிசீலிக்கலாம்.