'உங்கள் தோட்டாவுக்கென்றே செய்த டரட்' என்றால் உஷார்

ரைஃபிள் ஸ்கோப்புக்கு மீட்டர் பொறித்த எலிவேஷன் டரட் (குறியை மேலே கீழே நகர்த்தும் திருகு) வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

200, 300, 400 என்று டரட்டிலேயே பொறித்திருக்கும். இலக்கு இருக்கும் தூரத்துக்குத் திருப்பிச் சுட்டால் போதும். எப்போதாவது ஒருமுறைதான் தூரத்தில் சுட வேண்டிவரும் என்பவர்களுக்கு நல்ல வசதி, மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்கள் ஒரே ஒரு தோட்டாவுக்கு, அதன் ஒரே வேகத்துக்குத்தான் பொருந்தும். இடத்தின் உயரமும் வெப்பமும் ரொம்ப மாறினாலும் கணக்கு தப்பும்.

எனக்கு விற்றவர் இதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டார். குண்டின் எடை, குரோனோகிராஃபில் அளந்த வேகம், குழலிலிருந்து ஸ்கோப் எவ்வளவு உயரம் என்பதுவரை படிவத்தில் நிரப்பச் சொன்னார். அதற்குத் தனிக் கட்டணம் வேறு. டரட் வந்தது. 200 மீட்டரில் கச்சிதம். 400இல் குண்டு ஒரு சாண் கீழே போனது. காகிதத்தில் அது வெறும் ஓட்டை. மானாக இருந்தால் காயத்தோடு ஓடியிருக்கும்.

கேட்டால் முதலில் மவுண்ட் (ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்திருக்கும் பிடி) லூஸ் என்றார், அப்புறம் நான் சுடும் விதம் சரியில்லை என்றார். சரி, ஸ்கோப்பையே சோதித்துவிடலாம் என்று 100 மீட்டரில் உயரமான காகிதம் ஒட்டி 50 கிளிக் ஏற்றினேன். டரட்டைத் திருப்பும்போது நகரும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக். என்னுடையது 0.1 மில் (கோண அளவு) கிளிக். 100 மீட்டரில் ஒரு கிளிக்குக்கு 1 செ.மீ. குண்டு 50 செ.மீ. ஏறியது, இறக்கியதும் பழைய இடத்திலேயே விழுந்தது. ஸ்கோப்பில் பழுதில்லை.

அதே ஆளிடம் வாங்கிய நண்பரின் டரட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. என் ரைஃபிள் .308 தோட்டாவுக்கானது, அவருடையது .243. இரண்டிலும் 300, 400 குறிகள் அதே கிளிக்கில், ஒரு கோடுகூட மாறாமல்! என் கனமான குண்டும் அவருடைய வேகமான லேசான குண்டும் 400 மீட்டரில் எப்படி ஒரே அளவு தாழும்? மொத்தமாக அடித்து வைத்த டரட்டைத்தான் எல்லோருக்கும் அனுப்புகிறார். இருவரும் 200இல் ஜீரோ வைத்திருந்ததால், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்திருந்ததால், 200 குறி இருவருக்குமே பொருந்தியது. நண்பர் அதைத் தாண்டிச் சுட்டதே இல்லை, அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

ஜீரோ ஸ்டாப் (ஜீரோவுக்குக் கீழே திரும்பாமல் நிறுத்தும் தடுப்பு) இருக்கிறது என்றதும் பொய். ஜீரோவுக்குக் கீழேயும் சுற்றிக்கொண்டே போகிறது. பூட்டும் கிடையாது, உறையிலிருந்து உருவும்போதே நகர்ந்துவிடுகிறது.

திருப்பித் தருகிறேன் என்றால், 'உங்களுக்கென்றே செய்த பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார். எனக்கென்றே செய்ததாம்!

யாரிடம் வாங்கினாலும், பொறிப்பதற்கு முன்பே எந்தத் தூரத்துக்கு எத்தனை கிளிக் என்ற அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். உங்கள் எண்களை ஏதாவது ஒரு பாலிஸ்டிக் கால்குலேட்டரில் (குண்டு எவ்வளவு தாழும் என்று கணக்கிடும் செயலி) போட்டு, அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தர மறுத்தால் மூடி போட்ட சாதாரண டரட்டே போதும். கிளிக் கணக்கை ஒரு சீட்டில் எழுதி ரைஃபிள் கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.