நார்னியா தொகுப்பு: எந்த நூலிலிருந்து தொடங்குவது?

பெங்களூரு சர்ச் தெருவில் மகளுக்காக வாங்கிய சி. எஸ். லூயிஸ் நார்னியா என்னும் மாய உலகைப் பற்றிச் சிறுவர்களுக்காக எழுதிய ஏழு கதை நூல்களும் தெளிவான எழுத்துடன் நன்றாகவே அச்சாகியுள்ளன. அவற்றுக்கு இட்டிருக்கும் வரிசை எண்களைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கதை நிகழும் காலத்தால் முற்பட்டது என்பதற்காக, 1955இல் வெளிவந்த ‘தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ’ முதலில் வைக்கப்பட்டிருக்கிறது. 1950இல் வந்த ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’ நூலில், அலமாரி வழியே நார்னியாவுக்குள் நுழையும் சிறுமி லூசி, பனி மூடிய காட்டின் நடுவே எரியும் விளக்குக் கம்பத்தைக் கண்டு வியக்கிறாள். அது அங்கே வந்த கதையை ‘தி மெஜீஷியன்ஸ் நெஃப்யூ’ நூலில் முன்கூட்டியே படித்துவிட்ட குழந்தைக்கு அந்த வியப்பில் பங்கே இல்லாமல் போகிறது. காலவரிசையை விரும்பிய சிறுவன் ஒருவனுக்கு 1957இல் எழுதிய கடிதத்தில் லூயிஸ் உடன்பட்டார் என்பது உண்மைதான். ஆனால் எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வேறுபாடு இராது என்றும் அதிலேயே குறிப்பிட்டார். தொகுப்பைத் தயங்காமல் வாங்கலாம். எண்களைப் பொருட்படுத்தாமல், 1950ஆம் ஆண்டு நூலை முதலிலும் 1955ஆம் ஆண்டு நூலை ஆறாவதாகவும் குழந்தைகளிடம் கொடுங்கள்.