கார் வாரண்டி: ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் புதுக் கார் எடுத்து, வாரண்டி முடிய இன்னும் கொஞ்ச மாதம் இருப்பவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். வாரண்டிக்குள் சொன்ன கோளாறையே சொல்லவில்லை என்று சாதித்து, எங்களிடம் 58,000 ரூபாய் கேட்டார்கள். வழக்கு நடப்பதால் ஷோரூம் பெயரையும் கம்பெனி பெயரையும் எழுதவில்லை.

எங்களுடையது சின்ன பெட்ரோல் கார். மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், இதில் எது முந்தி வருகிறதோ அதுவரை வாரண்டி. பெரும்பாலும் ஓட்டுவது என் மனைவி. கருங்கலிலிருந்து ஆசாரிப்பள்ளம் வரை வேலைக்குப் போய் வருவார். மூன்றாவது வருட மழைக்காலத்தில் ஸ்டீரிங் திடீர் திடீரென்று இறுக ஆரம்பித்தது. டாஷ்போர்டில் ஸ்டீரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். வண்டியை ஆஃப் செய்து திரும்ப ஸ்டார்ட் செய்தால் போய்விடும். ஒரு நாள் திங்கள்சந்தையில், பஸ்களுக்கு நடுவே திரும்பும்போதே இறுகிவிட்டது. இரண்டு கையாலும் முழு பலம் கொடுத்துத்தான் ஓரம் கட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை.

இப்போதைய கார்களில் பவர் ஸ்டீரிங் மின்சாரத்தில் வேலை செய்கிறது. நாம் எவ்வளவு பலம் கொடுத்துத் திருப்புகிறோம் என்று ஒரு சென்சார் பார்க்கும், அதற்கேற்ப ஒரு மோட்டார் உதவும். சென்சாரிலோ கன்ட்ரோல் யூனிட்டிலோ கோளாறு வந்தால் அந்த உதவி நின்றுபோகும். வண்டி திரும்பும், ஆனால் கல்லைத் தள்ளுவது மாதிரி இருக்கும். இந்தக் கோளாறு பல நேரம் விட்டுவிட்டுத்தான் வரும். சர்வீஸ் சென்டர்காரர்கள் பிடித்துக்கொள்வதும் அதைத்தான்: "இங்க நல்லாத்தானே ஓடுது சார்."

எங்களுக்கும் அதேதான் நடந்தது. விளக்கு எரியும் போட்டோவை மனைவி சர்வீஸ் அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வண்டியையும் கொண்டுபோய் விட்டோம். சாயங்காலம் அட்வைசர் சொன்னது: "ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டல சார். மேடத்துக்கு வண்டி இன்னும் கைக்கு வரல போலிருக்கு." மனைவி பக்கத்தில்தான் நின்றார். "மூணு வருசமா இந்த வண்டிய பின்ன யாரு ஓட்டுனா?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. கையில் தந்தது பில் மட்டும். ஜாப் கார்டு, அதாவது வண்டி விடும்போது நாம் சொல்லும் கோளாறுகளை அவர்கள் எழுதும் தாள், அதன் நகலைக் கேட்டதற்கு சிஸ்டம் டவுன் என்றார்கள்.

அடுத்த தடவையும் அதே கதை. "கம்பெனி ஆள் மாசக் கடைசியில வருவார், அவர் பார்க்கட்டும்" என்று தள்ளினார்கள். மாதம் போனது, ஆள் வரவில்லை. வாரண்டி தேதியும் கடந்தது. அதன் பிறகு விளக்கு அணையவே இல்லை. இப்போது ஸ்கேனரில் எல்லாம் காட்டியது. ஸ்டீரிங் தண்டும் மோட்டாரும் சென்சாரும் சேர்ந்த 'ஸ்டீரிங் காலம் (column) அசெம்பிளி'யை முழுதாக மாற்ற வேண்டும் என்று அந்த 58,000 ரூபாய் எஸ்டிமேட்டை நீட்டினார்கள். வாரண்டிக்குள்ளேயே சொன்னோமே என்றால், "ரெக்கார்டுல இல்லையே சார்." சரி, வாட்ஸ்அப் மெசேஜ் இருக்கிறது என்று காட்டினால், மேலாளர் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்: வெளிக்கடையில் ரிவர்ஸ் கேமராவும் ஸ்டீரியோவும் மாட்டி வயரிங்கில் கை வைத்திருக்கிறீர்கள், எப்படியும் வாரண்டி கிடைக்காது.

அந்தக் கேமராவையும் ஸ்டீரியோவையும் டெலிவரிக்கு முன்னால் மாட்டியதே அந்த ஷோரூம்தான். அவர்கள் பெயரிலேயே ஆக்சசரி பில் இருக்கிறது. பில்லை மேஜையில் வைத்ததும் மேலாளர் உள்ளே போனார். திரும்பி வந்து, "குட்வில்ல பாதி நாங்க போட்டுத் தாரோம்" என்றார். நான் சம்மதிக்கவில்லை. குட்வில் என்றால் வாரண்டி இல்லை என்று நாம் ஒப்புக்கொண்ட பிறகு அவர்கள் இரக்கப்பட்டுத் தருவது. அவர்கள் நீட்டிய தாளிலும் அப்படித்தான் இருந்தது: வாரண்டி காலத்துக்குப் பிறகு வந்த கோளாறு, வாடிக்கையாளருக்கு முழுத் திருப்தி. அதில் கையெழுத்துப் போட்டிருந்தால் பிறகு எங்கே போயும் பேச முடியாது.

வாரண்டி என்பது காரைத் தயாரித்த கம்பெனி தரும் வாக்கு. அந்தக் கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் செல்லும், வண்டி வாங்கிய இடத்திலேயே கிடக்க வேண்டியதில்லை. நமக்குத் திருவனந்தபுரமும் திருநெல்வேலியும் பக்கம். நாங்கள் திருவனந்தபுரம் கொண்டுபோனோம். அங்கிருந்த அட்வைசர் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நாங்கள் ஸ்டீரிங்குக்காகவே வண்டி விட்ட தேதிகளில் 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் பதிந்திருந்தது. ஸ்டீரிங் என்ற சொல்லே இல்லை. அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத மறந்திருந்தால் ஒரு தடவை மறந்திருக்கலாம், ஒவ்வொரு தடவையுமா?

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று அந்தத் தொழிலில் இருக்கும் உறவினர் ஒருவர் சொன்னார். வாரண்டி வேலையில் டீலர் முதலில் பாகத்தையும் கூலியையும் தானே போட்டு, அப்புறம் கம்பெனியிடம் கிளெய்ம் செய்து வாங்க வேண்டும். கம்பெனி தரும் கூலி, நம்மிடம் வாங்கும் கூலியைவிடக் குறைவு. கிளெய்ம் தள்ளுபடியானால் டீலருக்குக் கைநஷ்டம். வாரண்டி முடிந்த வண்டி என்றால் பாகத்தில் லாபம், கூலியிலும் லாபம். அதுவரை நாளைக் கடத்தினால் போதும்.

திருவனந்தபுரத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஸ்டீரிங் சென்சார் கோளாறு தெளிவாக இருந்தது. அந்த ரிப்போர்ட், தேதி தெரியும் வாட்ஸ்அப் படங்கள், ஆக்சசரி பில் மூன்றையும் சேர்த்து கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். போனில் பேசியபோதெல்லாம் 'டீலரைப் பாருங்கள்' என்றவர்கள், எழுத்தில் கேட்டதும் மாறினார்கள். வாரண்டி மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தேன். காரணம் எழுதி வரவில்லை, பாகம்தான் வந்தது. திருவனந்தபுரத்திலேயே இலவசமாக மாற்றித் தந்தார்கள்.

ஆனால் இங்குள்ள ஷோரூம் 'கழற்றிப் பார்த்த கூலி' என்று வாங்கிய 3,200 ரூபாயைத் திருப்பித் தரவில்லை. மனைவி மாதக்கணக்கில் பயந்து பயந்து ஓட்டியதற்கு ஒரு வருத்தம்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வண்டியைத் திருவனந்தபுரத்தில் வாங்கியிருந்தாலும். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். பிரச்சினை வந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆணையம் வரை போகும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லிப் பார்க்கலாம்.

வண்டி விடும்போது நீங்கள் சொல்லும் கோளாறு, சொன்ன வார்த்தையிலேயே ஜாப் கார்டில் ஏறுகிறதா என்று நின்று பாருங்கள். நகல் தராவிட்டால் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். சிஸ்டம் டவுன் என்றால் அங்கேயே நின்று, இன்ன கோளாறுக்காக வண்டி விட்டிருக்கிறேன் என்று ஒரு மெசேஜ் போடுங்கள். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் மாதிரி தேயும் பாகங்களுக்கு வாரண்டி கிடைக்காது, அதற்காகச் சண்டை போட்டுப் பயனில்லை. ஸ்டீரிங், ஏர்பேக், எஞ்சின் கன்ட்ரோல் யூனிட் போன்றவற்றுக்கு வாய்ப்பேச்சில் 'கிடைக்காது' என்றால் விடாதீர்கள். காசு கொடுத்து ஒரு பாகத்தை மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், அது உங்களுடையது.

இதே மாதிரி ஜாப் கார்டில் கோளாறை எழுதாமல் விட்ட அனுபவம் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் வேறு யாருக்காவது இருந்தால், பில்லையும் மெசேஜையும் அழிக்காமல் வைத்திருங்கள். வாரண்டி தேதி முடிந்திருந்தாலும் பரவாயில்லை, முதல் தடவை சொன்ன தேதி அதற்கு முந்தியது என்று காட்ட முடிந்தால் கேட்கலாம்.