நிலாவெளியில் சிறு விடுதிக்குத் தண்ணீர்: குழாய்க்கிணறா, மழைநீர்த் தாங்கியா?

திருகோணமலைக் கடற்கரையில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதி கட்டுகிறவர்கள் எத்தனை அறை என்று முடிவெடுத்த பிறகுதான் தண்ணீரைப் பற்றி யோசிக்கிறார்கள். தண்ணீரைப் பார்த்துத்தான் அறைகளைத் தீர்மானிக்க வேண்டும். எங்கள் நாலு அறை விடுதிக்கு ஆழக் குழாய்க்கிணறும் உவர்நீரை நன்னீராக்கும் ஆர்ஓ இயந்திரமும் வேண்டாமென்று விட்டு, வளவில் இருந்த கட்டுக்கிணற்றோடு 15,000 லீற்றர் மழைநீர்த் தாங்கி ஒன்றைக் கட்டினோம்.

கந்தளாய்க் குளத்து நீர் குழாயில் உங்கள் வாசலுக்கு வருமென்றால் அதை எடுங்கள், அதில் பேச்சே இல்லை. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி அவசரத்துக்கு மட்டும்.

குழாய்க்கிணற்றில் மோட்டரைப் போட்டால் உடனே தண்ணீர். இடமும் அதிகம் பிடிக்காது. ஆனால் கரையோர மணலுக்குக் கீழே நன்னீர் தனியாக இல்லை. உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், கீழேயுள்ள உவர் எல்லை காலப்போக்கில் ஏறக்குறைய 40 அடி மேலே ஏறலாம். ஆழத்திலிருந்து வேகமாக இறைக்கிறபோது நாமே உப்பை மேலே இழுக்கிறோம். உப்பு ஏற ஏற ஆர்ஓவுக்கு மின்சாரம் கூடும், அதில் உப்பை வடிக்கும் மெம்பிரேன் சீக்கிரம் பழுதாகும். சிறிய இயந்திரங்கள் நல்ல நீர் தருகிற அளவுக்கோ அதற்கு மேலோ உவர்க்கழிவை வெளியே தள்ளும். அதை வளவு மணலில் விட்டால் திரும்பக் கிணற்றுக்கே வரும், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும். அந்த வீட்டுக்காரருக்கு விடுதி வருமானம் ஒரு சதமும் இல்லை. எனக்கு முடிவைத் தந்தது இதுதான்.

மழைநீரில் உள்ள சிக்கல் பருவம். மாரி மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. பயணிகள் வருவதோ மே முதல் செப்டெம்பர் வரை, கச்சான் காற்று மணலைக் காயவைக்கும் மாதங்களில். அதனால் தாங்கி சிறிதாக இருந்தால் பயனில்லை. எட்டுப் பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லீற்றர் என்று வைத்தால், அந்த ஐந்து மாதத்துக்கு 12,240 லீற்றர். 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர். சிந்துவதைக் கழித்தாலும் நவம்பர் மழைக்குள் தாங்கி நிரம்பிவிடும். குளிக்க, கழுவக் கட்டுக்கிணறு. அதையும் சிறிய மோட்டரில் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைக்கிறோம்.

பராமரிப்பு கைவேலைதான். மாரிக்கு முன் கூரையையும் பீலியையும் துடைக்க வேண்டும், முதல் மழையை வெளியே விட வேண்டும், நுளம்பு புகாமல் வலை கட்ட வேண்டும். குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறோம்.

இருபது அறையும் நீச்சல் தடாகமும் உள்ள விடுதியை நான் நடத்தியதில்லை. அந்த அளவுக்கு மழைநீர் மட்டும் போதாது என்றே நினைக்கிறேன். ஆர்ஓ இல்லாமல் முடியாதென்றால், இயந்திரத்தின் விலையைக் கேட்கும்போதே உவர்க்கழிவை எங்கே விடப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். அதற்குச் சரியான பதில் வராமல் முற்பணம் கட்ட வேண்டாம்.