குளிரில் ஸ்டார்ட் ஆகாத புல்வெட்டி: பழைய கார்புரேட்டரைக் கழுவுவதா, புதியது மாட்டுவதா?

உதகையில் கோடைக் கூட்டம் வருமுன் புல்தரையைச் சீராக்க வேண்டிய மார்ச், ஏப்ரல் மாதக் காலைகளில்தான் பெட்ரோல் புல்வெட்டிகள் அதிகம் அடம்பிடிக்கின்றன. பனிக்காலம் முழுவதும் ஓடாமல் நின்ற எஞ்சின், வெயில் ஏறிய பிறகு எளிதாகக் கிளம்பிவிடும். காலைக் குளிரிலோ கை ஓயும்வரை கயிற்றை இழுத்தாலும் இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கிவிடும். ஹோண்டாவின் 163 சிசி ஜிஎக்ஸ்வி160 எஞ்சின் பொருத்திய எங்கள் விடுதிப் புல்வெட்டிக்கு இந்த நிலை வந்தபோது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுவது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நகல் கார்புரேட்டரை வாங்கி மாட்டுவது, பேட்டரி புல்வெட்டிக்கு மாறிவிடுவது என மூன்று வழிகள் இருந்தன. நான் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தேன். பிறர் கேட்டாலும் அதையே சொல்வேன்.

எந்த வழிக்குப் போவதற்கு முன்பும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிரில் முதல் தீப்பற்றலுக்கு உதவுகிறது. டாங்கில் கிடக்கும்போது முதலில் பறந்துபோவதும் அதுவே. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்க வேண்டும். நாலைந்து முறை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: நுனி உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்திருந்தால் பெட்ரோல் மிஞ்சிவிட்டது அல்லது தீப்பொறி போதவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி, லீவரை நகர்த்தும்போது, குளிரில் கிளம்பக் காற்றைக் குறைக்கும் சோக் தகடு முழுவதும் மூடுகிறதா என்பதையும் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

இவை எல்லாம் சரியாக இருந்தும், சோக் மூடியிருக்கும்வரை ஓடிய எஞ்சின் சோக்கைத் திறந்ததும் அணைந்துவிடுகிறது என்றால், பெரும்பாலும் பைலட் ஜெட் (மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைத் துண்டு) அடைத்திருக்கிறது என்று பொருள். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. காய்ந்த பெட்ரோலின் பிசின் ஒரு படலம் படிந்தாலே போதும். கார்புரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தைக் கழற்றியபோது, அதன் அடித்தளத்தில் வெளிர்பச்சைப் பொடியும் ஓரத்தில் தேன்நிறப் பிசுக்கும் படிந்திருந்தன. துளையைத் திறக்க ஊசியைப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் பித்தளை மென்மையானது, கொஞ்சம் அகன்றாலும் அளவு மாறிவிடும். மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பிழையும் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் போதும். ஒரு துளையில் அடித்த ஸ்ப்ரே மறுபுறம் மெல்லிய தாரையாக வெளிவருவதைப் பார்த்த பிறகே மூட வேண்டும். 2023 முதல் நம் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் இந்தத் தொல்லையைக் கூட்டுகிறது. இவ்வகை எஞ்சின்களின் கையேடுகள் 10 சதவீதம் வரையே அனுமதிக்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுப்பதோடு, ஆவியாகப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கேட்கிறது.

நகல் கார்புரேட்டர் மாட்டுவது வேகமான வேலை என்பதில் ஐயமில்லை. இரண்டு நட்டு, ஒரு குழாய், எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் கம்பி, அவ்வளவே. ஆனால் மலையில் இந்தத் தேர்வைத் தீர்மானிப்பது ஜெட்டின் துளை அளவைக் காட்டும் எண்தான். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால், கடல்மட்ட அளவுக்கு வைத்த ஜெட் இங்கே தேவைக்கு அதிகமாகப் பெட்ரோலை விடுகிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சினின் சக்தி சுமார் 3.5 சதவீதம் குறையும் என்று ஹோண்டா கையேடே கூறுகிறது. அந்தக் கணக்கில் இங்கே நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. மிஞ்சிய பெட்ரோல் கரியாகிப் பிளக்கில் படிகிறது. கரி படிந்த பிளக் மறுநாள் காலைக் குளிரில் பொறியைச் சிதறவிடுகிறது. ஆகவே, எவ்வளவுதான் சுத்தம் செய்தாலும் கலவை அளவு சரியாகாதவரை தொல்லை திரும்பத் திரும்ப வரும்.

அசல் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டில், அதாவது வேகமாக ஓடும்போது பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டில், எண் பொறித்திருக்கும். அதற்கு அடுத்த சிறிய அளவைக் கேட்டு வாங்கி மாட்டலாம், திருப்தி இல்லையென்றால் பழையதற்கே திரும்பலாம். எனக்குக் காட்டிய நகல்களில் எண்ணே இல்லை. தொடங்கும் அளவே தெரியாத ஒன்றில் எந்தப் பக்கம் நகர்வது? கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ இருப்பவருக்கு இந்த வாதம் அவ்வளவு எடுபடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே நகல் பல ஆண்டுகள் நன்றாகவே ஓடக்கூடும். மலையில் சிறிய ஜெட் மாட்டிய எஞ்சினைச் சமவெளிக்குக் கொண்டுபோனால் பழைய ஜெட்டை மீண்டும் மாட்டியாக வேண்டும். இல்லையேல் கலவை மெலிந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

பேட்டரி புல்வெட்டிக்கு இந்தச் சிக்கல்கள் எதுவும் கிடையாது, பொத்தானை அழுத்தினால் ஓடும். குளிரில் லித்தியம் பேட்டரியின் ஓடும் நேரம் குறையும். ஒரு பருவம் முழுவதும் வைத்து ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லாததால், ஈரப்புல்லும் சரிவும் நிறைந்த பெரிய தோட்டத்துக்கு அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். வீட்டு முற்றத்தளவு புல்லுக்கு அதுவே போதும்.

ஒரு சூழலில் மட்டும் கழுவுவது வீண்: எஞ்சினுக்குள் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தண்டை விரலால் அசைத்தால் மேலும் கீழும் ஆடுகிறது என்றாலோ, உப்பரித்த கிண்ணத்தில் ஊசிமுனைத் துளைகள் தெரிந்தாலோ, கார்புரேட்டரை மாற்றத்தான் வேண்டும். அப்போதும் விலை சில மடங்கு கூடினாலும் அசலையே வாங்குங்கள். வாங்கும்போதே கேஸ்கெட்டுகளையும் ஒரு படி சிறிய மெயின் ஜெட்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டால், எஞ்சினை இரண்டாவது முறை பிரிக்க வேண்டியிராது.