கேஸ்லைட்: 1940ஆ, 1944ஆ?

ஒருவரை அவருடைய புத்தியையே சந்தேகிக்க வைக்கும் தந்திரத்தைக் குறிக்கும் 'கேஸ்லைட்டிங்' என்ற சொல் இப்போது எல்லார் வாயிலும் புழங்குகிறது, 2022இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதை ஆண்டின் சொல்லாகவே அறிவித்தது. சொல் பிறந்த கதையைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் முன்னால் 'கேஸ்லைட்' என்ற பெயரிலேயே இரண்டு படங்கள் நிற்கும். மூலம் பாட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய மேடை நாடகம். அதை 1940இல் பிரிட்டனில் தோரல்ட் டிக்கின்சன் படமாக்கினார், 1944இல் ஹாலிவுட்டில் ஜார்ஜ் கியூகர். உரிமையை வாங்கிய எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் நிறுவனம் அதோடு நிற்காமல் பழைய படத்தின் பிரதிகளையே ஒழித்துக்கட்டப் பார்த்தது. நல்லவேளை, முடியவில்லை.

கதை ஒன்றுதான். கொலை நடந்த வீட்டில் ஒளிந்திருக்கும் நகைகளைத் தேடும் கணவன், மனைவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவளையே நம்ப வைக்கிறான். வெளியே போவதாகச் சொல்லிவிட்டுத் திருட்டுத்தனமாக மேல்மாடிக்குள் நுழைந்து கேஸ் விளக்கை ஏற்றுவான், உடனே கேஸ் அழுத்தம் குறைந்து கீழே இவள் அறையில் சுடர் மங்கும். கவனியுங்கள், சுடர் மங்குவது அவன் போட்ட திட்டம் இல்லை, அவன் யோசிக்காமல் விட்ட ஓட்டை. அவன் வேண்டுமென்றே செய்வதெல்லாம் சுவரில் இருக்கும் படத்தை எடுத்து மறைத்துவிட்டு 'நீதானே எடுத்தாய்' என்று கேட்பது மாதிரியான சில்லறை வேலைகள்தான்.

1940 படம் சுற்றி வளைக்காது. முதல் காட்சியிலேயே கிழவியின் கழுத்து நெரிபடுகிறது, அப்புறம் வருடங்கள் கழித்து அதே வீட்டுக்குத் தம்பதி குடிவரும்போது மனைவி ஏற்கெனவே பாதி நொறுங்கிப் போயிருக்கிறாள். கணவனாக வரும் அன்டன் வால்ப்ரூக்கைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது, குரலை ஒரு படி இறக்கினால் போதும், மனைவியாக வரும் டயானா வின்யார்ட் கூனிக் குறுகிவிடுகிறார். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத படம், அடிமேல் அடி அடித்து அம்மியை நகர்த்துகிற வேலையை மட்டும் காட்டுகிறது.

1944 படம் லண்டனில் ஒரு சின்ன முன்காட்சியைக் காட்டிவிட்டு இத்தாலிக்குப் போய்விடுகிறது. காதல், அவசரக் கல்யாணம், கோமோ ஏரியில் தேனிலவு. படம் இதனால் நீண்டுவிட்டது என்று குறை சொல்பவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் 'இவள் ஏன் இவனை விட்டுப் போகவில்லை' என்ற கேள்விக்கு பழைய படத்தில் பதிலே கிடையாது, இங்கே முதல் அரை மணி நேரம் முழுக்க அதற்குத்தான் பதில். சார்லஸ் பாயர் நடித்த கணவன் அன்பாகத்தான் பேசுகிறான். ப்ரோச்சை (உடையில் குத்திக்கொள்ளும் நகை) கொடுத்து, 'நீதான் அடிக்கடி தொலைப்பாயே' என்று சிரித்துக்கொண்டே அவள் கைப்பையில் தானே போட்டு வைக்கிறான், அப்புறம் பையில் அது இருக்காது. இங்க்ரிட் பெர்க்மன் பையைத் துழாவும்போது அந்த முகத்தில் வருவது பயம்கூட இல்லை, வெட்கம். ஆஸ்கர் சும்மா கிடைக்கவில்லை. துடுக்கான வேலைக்காரி நான்சியாக வரும் ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு இதுதான் முதல் படம், நடிக்கத் தொடங்கும்போது வயது 17 என்று சொன்னால் நம்ப முடியாது.

ஹாலிவுட் சறுக்கிய இடம் ஒன்று உண்டு, காப்பாற்ற வருகிற ஆள். பழைய படத்தில் அவர் தொந்தியும் தொப்பையுமாக ஒரு ஓய்வுபெற்ற போலீஸ்காரர், பழைய வழக்கு மண்டையைக் குடைவதால்தான் மூக்கை நுழைக்கிறார். புதியதில் ஜோசப் காட்டன், அழகான ஸ்காட்லாந்து யார்டு (லண்டன் போலீஸ்) அதிகாரி. ஒருவனிடமிருந்து தப்பிக்க இன்னொருவன் தயாராக நிற்க வேண்டுமா என்ன?

அதனால் கணவனுக்கு வால்ப்ரூக், மனைவிக்கு பெர்க்மன் என்பதுதான் என் கணக்கு. ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் 1944. இரண்டும் என்றால் 1940ஐ முதலில் பாருங்கள், பெர்க்மனைப் பார்த்த கண்ணோடு போனால் வின்யார்ட் கொஞ்சம் வெளிறித் தெரிவார், அது அவருக்கு நியாயமில்லை. இரண்டிலும் கடைசியில் கட்டிப்போட்ட கணவன் முன்னால் அவள் கத்தியோடு நிற்கிறாள், 'எனக்குத்தான் பைத்தியமாச்சே, நான் எப்படி உன்னை அவிழ்த்துவிடுவேன்' என்று அவன் கொடுத்த பட்டத்தையே திருப்பிக் கொடுக்கிறாள். அந்த இடத்தில் பெர்க்மனின் குரல் உயர்ந்துகொண்டே போவதை மட்டும் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.