ஏசியும் ஹெச்ஆர்வியும் ஒரே டக்டில்: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

"குளிர்ச்சியும் காற்றோட்டமும் ஒரே டக்டில் (காற்றுக்குழாயில்), ஏசி பில் பாதியாகிவிடும்" என்று சொல்லி ஹெச்ஆர்வியைத் தலையில் கட்டுகிறார்கள். வெளியேற்றும் வீட்டுக்காற்றுக்கும் உள்ளே விடும் புதுக்காற்றுக்கும் இடையே வெப்பத்தைக் கைமாற்றும் காற்றோட்டக் கருவிதான் ஹெச்ஆர்வி. அப்படி மாட்டிய வீடுகளிலிருந்து வரும் புகார்கள் எல்லாம் ஒரே அச்சு: வீடு குளிர்கிறது, புழுக்கம் போகவில்லை; காற்று வரும் கிரில்லில் தண்ணீர் சொட்டுகிறது; அலமாரிக்குள் பூஞ்சை. கேட்டால், வெளியே ஈரம் அதிகம், அதற்கு என்ன செய்வது என்று கைவிரிப்பார்கள். அந்த ஈரம் கொட்டேஷன் போடும் அன்றும் வெளியேதான் இருந்தது.

வெளியே 35 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம். உள்ளே 25 டிகிரி, 50 சதவீதம் என்று வையுங்கள். 80 சதவீதத் திறனுள்ள ஹெச்ஆர்வி வெளிக்காற்றை 27 டிகிரியில் உள்ளே விடும். மணிக்கு 150 கன மீட்டர் காற்றுக்கு, மிச்சமுள்ள அந்த 2 டிகிரியால் ஏசிக்குக் கூடும் சுமை வெறும் 100 வாட். விற்பவர் காட்டுவது இந்த எண்ணை மட்டும். அதே காற்றோடு மணிக்குச் சுமார் 2 லிட்டர் தண்ணீர் ஆவியாக வீட்டுக்குள் வருகிறது. ஹெச்ஆர்வி வெப்பத்தைத்தான் கைமாற்றும். ஈரம் அப்படியே உள்ளே வந்துவிடும். அதை ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் காயிலில் வடிக்க 1,300 வாட்டுக்கு மேல் குளிர்த்திறன் போய்விடும். 1 டன் ஏசியின் மொத்தத் திறனே 3,500 வாட்தான்.

புழுக்கமான ஊருக்கு ஈஆர்வி வேண்டும். அது உள்வரும் காற்றின் வெப்பத்தோடு ஈரத்தையும் வெளியேறும் காற்றுக்குக் கைமாற்றும் கருவி. 60 சதவீத ஈர மீட்பு இருந்தால் அந்த 2 லிட்டர் 0.8 லிட்டராகக் குறையும். அதுவும் காற்றை உலர்த்தும் கருவி அல்ல. உள்ளே ஏசி உலர்த்தி வைத்திருந்தால்தான் அதற்கு வேலை. வறண்ட வெயில் அடிக்கும் ஊருக்கு ஹெச்ஆர்வியே போதும். பெட்டிமேல் ஒட்டியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம். டேட்டா ஷீட்டில் ஈர மீட்புத் திறன் தனி எண்ணாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து அந்த 'ஒரே டக்ட்'. 1 டன் ஏசிக்கு மணிக்குச் சுமார் 680 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். காற்றோட்ட டக்டில் ஓடுவது 150. அதில் ஒரு காயிலைச் சொருகி 15 டிகிரிக்குக் குளிர்வித்தாலும், 25 டிகிரி அறைக்குக் கிடைக்கும் குளிர்ச்சி 500 வாட், படுக்கையறைக்கே பற்றாது. போதாததற்கு, ஆவித்தடுப்பு உறை இல்லாத டக்ட் ஃபால்ஸ் சீலிங்குக்குள் வியர்த்து ஊறும்.

டக்ட் ஏசி உள்ள வீடுகளில் வேறு விதமாக ஏய்க்கிறார்கள். ஹெச்ஆர்வியின் உள்வரும் குழாயை ஏசி ரிட்டர்னில் (அறைக்காற்று ஏசிக்குத் திரும்பும் குழாயில்) சேர்த்துவிடுவார்கள். ஏசி ஃபேன் நின்றால் வெளிக்காற்று ரிட்டர்ன் கிரில் வழியாகவே பின்னோக்கி வழியும், அறைகளுக்குப் போகாது. ஃபேன் ஓடினால் அதன் உறிஞ்சலில் உள்வரவு கூடி, வெளிப்போக்கோடு இருந்த சமநிலை கெடும். இரண்டு ஃபேன்களும் சேர்ந்து ஓடும்படி இன்டர்லாக் செய்து, அந்த நிலையிலேயே அளந்து சரிப்படுத்தாமல் இந்த இணைப்பை ஏற்காதீர்கள். இதிலும் மோசம், வெளியேற்றும் குழாயையும் அதே ரிட்டர்னில் பக்கத்திலேயே சொருகுவது. வந்த புதுக்காற்று வந்த வழியே போய்விடும், மின்சாரம் மட்டும் செலவாகும். பழைய காற்றைக் குளியலறை, சமையலறை பக்கத்திலிருந்து தனிக் குழாயில் எடுக்க வேண்டும். அடுப்புக்கு மேலுள்ள சிம்னியை மட்டும் இதில் சேர்க்கவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு டக்டில் படிந்தால் தீ விபத்துக்கு வழி.

ஸ்பிளிட் ஏசி என்றால், புதுக்காற்று கிரில்லை அதன் குளிர்காற்று அடிக்கும் பாதையில் வைக்கக் கூடாது. சொட்டும் தண்ணீருக்குப் பாதிக் காரணம் இதுதான். இன்டோர் யூனிட் காற்றை உறிஞ்சும் பக்கமாக வைத்தால் ஈரம் முதலில் காயிலுக்குப் போகும். வெளிச்சுவரில் உறிஞ்சு குழாய் அவுட்டோர் யூனிட்டின் வெப்பக்காற்றுக்கு எதிரே இருந்தால் 35 டிகிரிக் கணக்கே பொய்யாகிவிடும்.

கோடை பைபாஸையும் (வெப்ப மீட்பைத் தவிர்த்து வெளிக்காற்றை நேரே உள்ளே விடும் வழி) சோதியுங்கள். உள்வெப்பத்தை மட்டும் பார்த்துத் திறக்கும்படி செட் செய்திருந்தால், நடுப்பகலில் வெளிக்காற்று மீட்பே இல்லாமல் உள்ளே கொட்டும். உள்ளே இருப்பதைவிட வெளியே குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான் அது திறக்க வேண்டும். ஃபேன் உறிஞ்சும் பக்கத்து டிரெயின் பைப்பில் 50 மில்லிமீட்டராவது நீர் நிற்கும் யூ-வளைவு இல்லையென்றால் காற்று எதிர்த்து ஏறும், தண்ணீர் தட்டிலேயே தேங்கும்.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு கிரில்லிலும் காற்றளவைக் கருவி வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். உள்வரவின் கூட்டுத்தொகையும் வெளிப்போக்கின் கூட்டுத்தொகையும் 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஏசி ஓடும்போது ஒரு முறை, நின்றிருக்கும்போது இன்னொரு முறை. கிரில் முன்னால் டிஷ்யூ பேப்பரைப் பிடித்து, ஆடுகிறது பாருங்கள் என்று காட்டுவது அளவீடு ஆகாது.